ராக்கி மலைக்கு அப்பால் எந்த ஆறு? நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

மாண்ட்ரியலில் மே மாதம் கிளம்பிய சரக்கு, ஒரே கோடையில் வடமேற்குக் கனடாவிலுள்ள அத்தபாஸ்கா ஏரியைத் தொட்டுவிடாது. 1780-களில் மாண்ட்ரியலின் உரோம வணிக நிறுவனமான நார்த் வெஸ்ட் கம்பெனிக்கு இருந்த பெரிய தலைவலி இதுதான். வட கனடாவின் ஆறுகள் உறையாமல் ஓடுவது ஏறக்குறைய ஐந்து மாதம். அதற்குள் துணியும் துப்பாக்கியும் கெட்டில்களும் மேற்கே போக வேண்டும், பீவர் தோல் கிழக்கே வர வேண்டும். அதனால் சுப்பீரியர் ஏரிக்கரையில் கிராண்ட் போர்ட்டேஜ் என்ற இடத்தில் இரு தரப்பும் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டார்கள். அத்தபாஸ்கா ஆட்களால் அதுவரைகூட வந்து திரும்ப முடியாததால், அவர்களுக்கென்று ரெய்னி ஏரியில் தனியாக ஒரு மாற்றிடம் வைக்க வேண்டியிருந்தது. பசிபிக் கரையில் ஒரு துறைமுகமும் அதுவரை ஓடம் போகும் ஆறும் கிடைத்தால் இந்தச் சிக்கல் தீரும், தோல் அங்கிருந்து நேரே சீனாவின் கான்டனுக்குக் கப்பலேறும் என்று போட்ட கணக்கில்தான் தேடல் தொடங்கியது.

1793 முதல் 1811 வரை நான்கு வழிகளில் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். கம்பெனியின் ஆட்களான மெக்கன்சி பீஸ் ஆற்றின் வழியாகவும், ஃப்ரேசர் தன் பெயரே பின்னால் ஒட்டிக்கொண்ட ஆற்றின் வழியாகவும், தாம்ப்சன் அத்தபாஸ்கா கணவாய் வழியாகவும் போனார்கள்; அமெரிக்க அரசு அனுப்பிய லூயிசும் கிளார்க்கும் மிசூரியின் வழியாகப் போனார்கள். நான்கு குழுக்களுமே கடல்நீரைத் தொட்டன. யார் முதலில் போனார் என்பதை விட்டுவிடுவோம். ஆண்டுதோறும் சரக்கு அனுப்ப வேண்டிய மேலாளர் ஒருவர் இந்த நான்கில் எதற்குப் பணம் போட்டிருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

எதை வைத்து அளப்பது

மலைமுகட்டில் ஓர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் இடையே எவ்வளவு தரை இருக்கிறது என்பதைத்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் முதலில் கேட்டார்கள். தப்பான கேள்வி. முகட்டைத் தாண்டியபின் கிடைக்கும் ஆறு சரக்கைத் தாங்குமா, அதே ஆற்றில் ஏறித் திரும்பி வர முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏன் என்று புரிய சுமையின் கணக்கு தெரிய வேண்டும்.

உரோம வணிகத்தில் எல்லாச் சரக்கும் 90 பவுண்டு மூட்டை. உள்நாட்டு ஆறுகளில் ஓடிய 25 அடி வடக்கு ஓடத்தில் ஐந்தாறு ஆட்களும் சுமார் 25 மூட்டைகளும் ஏறும். ஆறு ஓடாத இடத்தில் எல்லாவற்றையும் இறக்கிச் சுமந்து கடக்க வேண்டும். அந்தத் தரைத்துண்டைச் சுமைவழி என்று வைத்துக்கொள்வோம். நெற்றியில் தோல்பட்டை மாட்டி, ஒரு ஆள் முதுகில் இரண்டு மூட்டை. 24 மூட்டைக்கு 6 ஆள் என்றால் தலைக்கு நான்கு மூட்டை, அதாவது சுமையோடு இரண்டு நடை, நடுவே வெறுங்கையோடு ஒரு நடை. ஆகவே 1 கி.மீ. சுமைவழி ஒவ்வொருவருக்கும் 3 கி.மீ. நடையாகிறது. ஓடத்தைத் தூக்க ஆள் ஒதுக்கினால் இன்னும் கூடும். அத்தபாஸ்காவின் வாசலான மெத்தி சுமைவழி 19 கி.மீ.; அங்கே ஒவ்வொருவரும் 57 கி.மீ. நடந்தார்கள். கம்பெனி அதைப் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் அதன் இரு பக்கமும் ஓடம் போகும் தண்ணீர் இருந்தது.

அடுத்தது சாப்பாடு. எருமை இறைச்சியை உலர்த்தி இடித்துக் கொழுப்பு ஊற்றிய பெம்மிக்கன், நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு. ஆறு பேர் ஒரு மூட்டையை ஒன்பது நாளில் முடித்துவிடுவார்கள். 45 நாள் பயணம் என்றால் 25 மூட்டையில் ஐந்து வயிற்றுக்கே போய்விடும். வழியில் மீனோ மானோ கிடைக்கிற நாடா, யார் விற்பார்கள் என்பதும் வழியின் மதிப்பில் சேர வேண்டும்.

ஓடமும் ஒரு செலவு. பிர்ச் மரப்பட்டை, செடார் மரச் சட்டங்கள், தைக்க ஸ்ப்ரூஸ் வேர், ஓட்டை அடைக்கப் பிசின். பிசினை ஏறக்குறைய தினமும் உருக்கிப் பூச வேண்டும். பட்டை கிழிந்தால் கரையில் இறங்கி அடுத்த மரத்தை உரித்துக்கொள்ளலாம். ஆனால் ராக்கி மலைக்கு மேற்கே ஓடத்துக்கு உதவும் தடித்த பிர்ச் பட்டை கிடைப்பது அரிது. கிழக்கில் அரை நாள் வேலையாக முடிவது மேற்கில் பயணத்தையே நிறுத்திவிடும்.

கடைசியாக, அது யாருடைய நாடு என்பது. எல்லா ஆற்றங்கரையிலும் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், அவர்களுக்குள் பகையும் வணிகமும் இருந்தன. இதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட திட்டம் ஒன்றுகூட அப்படியே நடக்கவில்லை.

பீஸ் ஆறு: 817 எட்டு நடையும் அதற்குப் பிறகும்

மெக்கன்சிக்கு இது இரண்டாவது முயற்சி. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து புறப்படும் பெரிய ஆறு பசிபிக்கில்தான் விழும் என்று அங்கே வணிகம் செய்த பீட்டர் பாண்ட் ஊகித்திருந்தார். அதை நம்பி 1789-ல் மெக்கன்சி அந்த ஆற்றைப் பிடித்தார். அது வடக்கே ஆர்க்டிக் கடலில் கொண்டுபோய் விட்டது. சரக்கு ஓடுவதற்கு அருமையான ஆறு, திசைதான் தவறு.

1793 மே 9-ல் பீஸ் ஆற்றிலிருந்து மறுபடி கிளம்பினார். 25 அடி ஓடம், பத்துப் பேர், 3,000 பவுண்டு சுமை, ஒரு நாய். ஓடத்தை மட்டும் இரண்டு பேர் மூன்று நான்கு மைல் இளைப்பாறாமல் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற அளவுக்கு இலேசாகக் கட்டியிருந்தார்கள். முதல் அடி பீஸ் ஆற்று மலையிடுக்கில் விழுந்தது. தண்ணீரில் ஏற வழியில்லாமல் மலைச்சரிவில் மரம் வெட்டிப் பாதை போட்டு, கயிற்றை அடிமரங்களில் சுற்றிச் சுற்றி ஓடத்தை இழுத்து ஏற்ற மூன்று நாள் ஆனது.

ஜூன் 12-ல் முகட்டுக்கு வந்தார்கள். இரண்டு சின்ன ஏரிகளுக்கு நடுவே 817 எட்டுகள். ஒரு பக்கத்துத் தண்ணீர் ஆர்க்டிக்குக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் பசிபிக்குக்கும் போகிறது. வரைபடத்தில் இதைவிடச் சுகமான இடமே கிடையாது.

மறுநாளே ஓடம் உடைந்தது. முகட்டுக்குக் கீழே பாயும் ஓடையில் (கெட்ட ஆறு என்றே அதற்குப் பெயர் வைத்தார்) பின்பக்கம் பாறையில் மோதி நொறுங்கியது, அடுத்து முன்பக்கம், பிறகு அடித்தட்டில் ஓட்டை. ஆட்கள் தண்ணீரில் குதித்து விளிம்பைப் பிடித்துக்கொண்டே அடித்துக்கொண்டு போனார்கள். யாரும் சாகவில்லை. துப்பாக்கிக் குண்டுகள் அத்தனையும் ஆற்றோடு போயின. நனைந்த வெடிமருந்து சுமார் 80 பவுண்டைக் கரையில் பரப்பிக் காயப்போட்டிருந்தபோது, ஒருவர் புகையும் பைப்பை வாயில் வைத்தபடி அதன் நடுவே நடந்துபோனார். பெரிய ஆற்றைத் தொட அங்கிருந்து மேலும் நான்கு நாள் சதுப்புக்குள் பாதை வெட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெரிய ஆறு இன்றைய ஃப்ரேசர். மெக்கன்சி அதை, தெற்கே பசிபிக்கில் விழும் கொலம்பியா ஆறு என்று நம்பினார். கீழே போகப் போக ஆறு கடக்க முடியாத இடுக்குகளில் விழுகிறது என்று கரையோர மக்கள் எச்சரிக்கவே, பாதியில் திரும்பி, ஓடத்தை விட்டுவிட்டு ஜூலை 4-ல் மேற்கே நடக்கத் தொடங்கினார். புதுப்பாதை எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. கடற்கரை மக்கள் ஊலிக்கன் மீன் எண்ணெயை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற பழைய வணிகப் பாதை அது. கனடிய ஆட்கள் முதுகில் தலைக்கு 90 பவுண்டும் ஒரு துப்பாக்கியும். பெல்லா கூலா பள்ளத்தாக்கில் இறங்க இரண்டு வாரம் ஆனது. ஜூலை 22 என்ற தேதியோடு கடல்நீர் ஏறும் கால்வாய்ப் பாறையில் செந்தூரமும் கொழுப்பும் குழைத்துத் தன் பெயரை எழுதினார். அதில் அவரே 'தரைவழியாக' என்றுதான் குறித்தார்.

வழிகாட்டியும் பழக்கமான ஆட்களும் இருந்தால் ஒரு சிறு குழு ஒரே கோடையில் கடலைத் தொட்டுத் திரும்பும் வழி இது. ஆகஸ்ட் 24-ல் அவர்கள் பீஸ் ஆற்றில் கிளம்பிய கோட்டைக்கு, அதாவது வணிகச் சாவடிக்கு, திரும்பிவிட்டார்கள். சரக்குக்கு உதவாது. 24 மூட்டையை ஆறு பேர் இந்தப் பாதையில் கொண்டுபோனால், மேலே போட்ட கணக்குப்படி இரண்டு வார நடை ஆறு வாரமாகும். கோடை அங்கேயே முடிந்துவிடும்.

ஃப்ரேசர்: கீழே போகலாம், அதுவும் நிச்சயமில்லை

மெக்கன்சி பாதியில் விட்ட ஆற்றை முடித்துப் பார்க்க 1808 மே 28-ல் சைமன் ஃப்ரேசர் நான்கு ஓடங்களில் 24 பேரோடு இறங்கினார். நாள் பார்த்ததே கோளாறு. மே கடைசியில் பனி உருகி ஆறு பொங்கத் தொடங்கும், ஜூன் முழுக்க இறங்காது. மலையிடுக்கில் அகலம் கூட வழியில்லாததால் பெருகும் தண்ணீரெல்லாம் உயரமாகவும் வேகமாகவும் மாறுகிறது. ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் முழு ஆறும் சுமார் 35 மீட்டர் அகலத்துக்குள் நுழைகிறது. கிளம்பிய சில நாளிலேயே, சோதித்துப் பார்க்க ஐந்து பேரோடு அனுப்பிய ஓடம் பாறையில் வீசப்பட்டது. ஜூன் 10 வாக்கில் ஓடங்களைக் கரையில் மறைத்துவிட்டு நடந்தார்கள். இடுக்கின் செங்குத்துச் சுவர்களில் உள்ளூர் மக்கள் கம்பும் கொடியும் கட்டித் தொங்கவிட்டிருந்த ஏணிகளில் துப்பாக்கியோடு ஏறி இறங்கினார்கள். அந்த ஏணிகள் அவர்களுக்கு அன்றாடப் பாதை.

ஜூலை 2-ல் முகத்துவாரம் வந்தது. அட்சரேகையை அளந்தால் 49 பாகை. கொலம்பியாவின் வாய் 46 பாகையைத் தாண்டிச் சற்று வடக்கே இருப்பது 1792 முதல் தெரிந்த விஷயம். ஆக, இது வேறு ஆறு. கரையிலிருந்த மஸ்கியம் மக்களும் விரட்டினார்கள், தங்காமல் திரும்பினார்.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது போதும். இடுக்கைத் தவிர்க்கச் சுமைவழி போட இடமில்லை. 19 கி.மீ. மெத்தியை ஆட்கள் சுமந்து கடந்தார்கள், ஏனென்றால் கால் வைக்கத் தரை இருந்தது. இங்கே அதுவும் இல்லை. தண்ணீர் குறைந்திருக்கும் பருவத்தில் ஒரு வாய்ப்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தையும், 1821-ல் நார்த் வெஸ்ட் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஹட்சன் பே கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன் 1828 அக்டோபரில் தீர்த்துவைத்தார். தேர்ந்த துடுப்பாளர்களோடு இறங்கிக் கடலுக்கு வந்தபின், பத்து முயற்சியில் ஒன்பது நிச்சயமான சாவு என்று எழுதினார். இறங்குவதற்கே இந்தக் கணக்கு என்றால், சரக்கோடு எதிர்நீரில் ஏறுவதைப் பேசவே வேண்டியதில்லை.

மிசூரி: நீளமான நல்ல ஆறு, நடுவில் 340 மைல் ஓட்டை

மெக்கன்சியின் பயண நூல் 1801-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அதைப் படித்த அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனுக்கு, அங்கே 817 எட்டு என்றால் தெற்கேயும் அப்படி ஒன்று இருக்காதா என்ற நம்பிக்கை வந்தது. 1803 ஜூன் 20 தேதியிட்ட உத்தரவில் லூயிசிடம் அவர் கேட்டது, வணிகத்துக்கு உதவும்படி கண்டத்தைக் கடக்கும் நேரான நீர்வழி.

மிசூரியில் தொல்லை இல்லாமலில்லை. எதிர்நீர், இடிந்து விழும் கரை, பல இடங்களில் கயிறு கட்டிக் கரையோரம் நடந்தே இழுக்க வேண்டும். 1804 மே 14-ல் கிளம்பியவர்கள் மண்டான் மக்களின் ஊர்களுக்குப் போய்ச் சேரும்போது அக்டோபர் கடைசி. ஆனாலும் இது ஓடம் போகும் ஆறு, சரக்கைத் தாங்கும் ஆறு. நான்கு வழிகளில் மலையடி வரைக்கும் பெரிய படகைக் கொண்டுபோக முடிந்தது இதில்தான்.

கிரேட் ஃபால்ஸ் அருவிகளில் முதல் தடை. 1805 ஜூன் கடைசியில் சுமார் 18 மைல் சுமைவழி. காட்டன்வுட் மரத்தை 22 அங்குல வட்டங்களாக அறுத்துச் சக்கரம் செய்தார்கள். மரம் மெத்தென்றது, அச்சும் ஏர்க்காலும் ஒடிந்துகொண்டே இருந்தன. சப்பாத்திக்கள்ளி முள் தோல் செருப்பைத் துளைத்தது. காற்று அடித்த நாளில் வண்டியில் பாயைக் கட்டித் தரையிலேயே ஓட்டினார்கள். எல்லாம் முடிய இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு.

அங்கே லூயிஸ் தனியாக ஒரு சோதனையும் வைத்திருந்தார்: பிரித்துக் கொண்டுவந்த 36 அடி இரும்புச் சட்டப் படகு. சட்டத்தைப் பூட்டி, எல்க் தோல் 28-ம் எருமைத் தோல் 4-ம் தைத்துப் போர்த்தினார்கள். திட்டத்தில் பிசின் இருந்தது, ஊரில் பைன் மரம் இல்லை. கரித்தூள், கொழுப்பு, தேன்மெழுகு கலந்து பூசினார்கள். தைத்த ஊசிக்கு வெட்டுவிளிம்பு இருந்ததால் நூல் நிரப்பும் அளவைவிட ஓட்டை பெரிதாகிவிட்டது. காயக் காயத் தோல் சுருங்கி அது இன்னும் விரிந்தது. தண்ணீரில் விட்டபோது அழகாக மிதந்தது. பூச்சு உரிந்ததும் ஒழுகத் தொடங்கியது. சட்டத்தை அங்கேயே புதைத்தார்கள். தோலால் செய்த படகு கெட்டதில் வியப்பில்லை. அடைக்கும் பொருள் வழியில் கிடைக்குமா என்று பார்க்காமல் ஈராண்டு முன்பே படகை முடிவு செய்ததுதான் பிழை.

ஆகஸ்ட் 12-ல் லெம்ஹி கணவாயில் ஏறி நின்ற லூயிசுக்கு மேற்கே தெரிந்தது ஆறு அல்ல, பனி மூடிய இன்னும் பல மலைவரிசைகள். கீழே ஓடிய சால்மன் ஆற்றில் படகு போகாது என்று அங்கே வாழ்ந்த ஷோஷோனி மக்கள் சொன்னார்கள்; கிளார்க் போய்ப் பார்த்து அது உண்மை என்று திரும்பினார். ஷோஷோனிகளிடம் குதிரைகள் வாங்கி, லோலோ பாதையில் பதினொரு நாள், குதிரைக்குட்டிகளைக் கொன்று தின்று கடந்தார்கள். கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில் நெஸ் பெர்ஸ் மக்கள் காட்டிய முறையில் நெருப்பால் மரம் குடைந்து ஐந்து தோணி செய்து, அக்டோபர் 7-ல் மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள்.

திரும்பியதும் லூயிஸ் எழுதிய கணக்கு ஒளிவுமறைவில்லாதது: 340 மைல் தரை, அதில் 200 மைல் நல்ல பாதை, 140 மைல் பயங்கரமான மலை, அந்த 140-ல் 60 மைல் தீராத பனி. ஓடத்து ஆட்கள் சுமந்து கடக்கும் தூரம் இல்லை இது. குதிரைதான் வழி. குதிரை வைத்திருந்தவர்கள் ஷோஷோனிகளும் நெஸ் பெர்ஸும், எனவே வழியின் சாவியும் அவர்களிடம்தான். இலேசான, விலை கூடிய தோலை இப்படிக் கொண்டுபோகலாம் என்று லூயிஸ் வாதிட்டார். அந்தப் பகுதி சரி. ஆனால் தோல் வாங்கக் கொடுக்கும் கெட்டிலும் இரும்பும் எப்படிப் போகும்?

அத்தபாஸ்கா கணவாயும் கொலம்பியாவும்

டேவிட் தாம்ப்சனுக்கு அத்தபாஸ்காவைவிடத் தாழ்வான கணவாய் ஒன்று கையில் இருந்தது. 1807-ல் ஹவுஸ் கணவாய் வழியாகக் கொலம்பியாவுக்குப் போய் வணிகமே நடத்திக்கொண்டிருந்தார். அது ஏறக்குறைய 1,540 மீட்டர். 1810-ல் அந்த வழி மூடியது. மேற்கே கூட்டனை, சாலிஷ் மக்களுக்குத் துப்பாக்கி போனதால் அவர்கள் மலைக்குக் கிழக்கே வாழ்ந்த பீகன் மக்களை எதிர்த்து ஜெயித்தார்கள். பீகன்கள் வழியை அடைத்துவிட்டார்கள். அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் வேறென்ன செய்வார்கள்? நல்ல கணவாய் கைநழுவியதற்குக் காரணம் பூகோளம் அல்ல.

ஆகவே வடக்கே சுற்றி, 1,753 மீட்டர் உயர அத்தபாஸ்கா கணவாயை 1811 ஜனவரி 10-ல், கடுங்குளிரில், நாய் இழுக்கும் சறுக்குவண்டிகளோடு கடந்தார். கொலம்பியா வடக்கிலிருந்து தெற்கே திரும்பும் பெரிய வளைவில் இறங்கியபோது ஆட்கள் பலர் ஓடிப்போயினர். ஓடம் கட்டத் தக்க பிர்ச் பட்டை இல்லை. தாம்ப்சன் செடாரைப் பிளந்து மெல்லிய பலகையாக்கி, ஆணி இல்லாததால் பைன் வேரால் தைத்துப் படகு கட்டினார். லூயிசின் இரும்புச் சட்டத்துக்கு நேர் எதிரான அணுகுமுறை இது: படகை ஊரிலிருந்து கொண்டுவராமல், அந்தக் கரையில் எது வளர்கிறதோ அதில் செய்வது. பின்னாளில் கொலம்பியாவில் கம்பெனி ஓட்டிய படகுகளும் பலகைப் படகுகளே.

அவர் அங்கிருந்து நேரே கடலுக்குப் போகவில்லை. ஆள் சேர்ப்பதற்காக ஆற்றின் மேல்பக்கம் போய்ச் சுற்றிவந்து, ஜூலை 3-ல் கெட்டில் ஃபால்சில் இறங்கினார். பன்னிரண்டே நாளில், ஜூலை 15-ல், கடல் வாயில். அங்கே அமெரிக்க வணிகர் ஆஸ்டரின் கம்பெனி அந்த ஆண்டே கப்பலில் வந்து கோட்டை போட்டிருந்தது.

இந்த வழியிலும் ஆபத்து நிறைய. 1838-ல் மேல் கொலம்பியாவின் பாய்ச்சலில் ஒரு படகு கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள். கீழே சிலைலோ அருவியிலும் டாலசிலும் சுமந்து கடக்க வேண்டும். சால்மன் வணிகத்தின் சந்தையே அங்கேதான், இடத்துக்குரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் போக முடியும். ஆனால் ஃப்ரேசரைப் போல இல்லாமல் இங்கே பாய்ச்சல்களைச் சுற்றிப் போகக் கரையில் இடம் உண்டு. எதிர்நீரில் ஏறவும் முடியும். அந்த ஆண்டே தாம்ப்சன் ஏறித் திரும்பினார். முகட்டில் நீளமான தரைவழி இருக்கிறது, ஆனால் அதன் இரு பக்கமும் ஓடக்கூடிய ஆறு இருக்கிறது. மெத்தியின் கணக்கு இங்கே பொருந்துகிறது.

அப்படியானால் எதை எடுப்பது

அனுப்புவது என்ன என்பதைப் பொறுத்தது. கடிதம், கணக்குப் புத்தகம், மாற்றலாகும் ஆட்கள் என்றால் சந்தேகமே வேண்டாம்: அத்தபாஸ்கா கணவாயும் கொலம்பியாவும். சிம்ப்சன் 1824-ல் ஹட்சன் விரிகுடாவின் யார்க் ஃபேக்டரியிலிருந்து கொலம்பியாவின் வாய்க்கு 84 நாளில் போனார். எட்மன்டனிலிருந்து அத்தபாஸ்கா ஆற்றுக்குக் குதிரைப்பாதை வெட்டி, வழிநெடுகக் கோட்டைகளில் உணவும் படகும் குதிரையும் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்தபின் அது ஆண்டுதோறும் நடக்கும் தபால்வழியாகிவிட்டது.

கனமான சரக்கு என்றால் நான்கில் எதுவும் வேண்டாம். கம்பெனி அப்படித்தான் முடிவெடுத்தது. லண்டனிலிருந்து கேப் ஹார்னைச் சுற்றிக் கப்பலில் சரக்கைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்து, ஃபோர்ட் வான்கூவரில் இறக்கி, அங்கிருந்து உள்நாட்டுக்கு ஆற்றில் ஏற்றினார்கள். கண்டத்தைக் கடக்கும் நீர்வழி என்று தேடியது கடைசியில் தபாலுக்கும் ஆட்களுக்கும் மட்டும் உதவியது. மிசூரியைக் குதிரை நிறைய உள்ள, நெஸ் பெர்ஸோடு நல்லுறவு வைத்த ஒரு கம்பெனி தோலுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கலாம். வடக்கே அத்தபாஸ்காவில் தோல் வாங்குபவருக்கு அது எந்த வகையிலும் பக்கம் இல்லை. பீஸ் வழியில் முகட்டுக்கு அப்பால் புதுக் கோட்டைகள் போடலாம் (ஃப்ரேசர் 1805 முதல் அதைத்தான் செய்தார்), கடலுக்குப் போகும் வழியாக வேண்டாம்.

இந்த முடிவும் 1846 வரைக்குத்தான் செல்லுபடியானது. எல்லை 49-வது அட்சரேகையில் விழுந்ததும் கொலம்பியாவின் கீழ்ப்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. கம்பெனி வேறு வழியின்றி ஃப்ரேசர் பக்கம் திரும்பியது. 1848-ல் மலையிடுக்கை ஒட்டிய பாதையில் குதிரைகளையும் சரக்கையும் இழந்தபின், 1849-ல் ஃபோர்ட் ஹோப்பிலிருந்து மலை மேலே புதுக் குதிரைப்பாதை போட்டார்கள். ஹோப்புக்குக் கீழேதான், ஆறு அமைதியாகும் இடத்தில், படகு.